நுணுக்குக்காட்டியை விட்டுவிட்டுச் செயற்கை நுண்ணறிவை மட்டும் படிக்கலாமா?

வாசகர் கேள்வி: ஐயா, நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்தை இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் முடித்து, இரண்டு வருடமாகத் தனியார் மருத்துவ ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். இறுதியாண்டு ஆய்வில் டெங்கு நுளம்பின் குடம்பிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து இனம் பிரித்தேன். அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிரித்தானியாவில் உயர்நிலை நுணுக்குக்காட்டியியலும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்த ஓராண்டு முதுமாணிப் படிப்பு இருப்பதாக ஒரு முகவர் சொல்கிறார். இம்மாத இறுதிக்குள் வைப்புப் பணம் கட்ட வேண்டுமாம். அப்பா கொக்குவிலில் இருக்கும் காணியை ஈடு வைக்கலாம் என்கிறார். இலண்டனில் இருக்கும் மாமா, "நுணுக்குக்காட்டி பழைய சாமான், ஏஐ மட்டும் படி" என்கிறார். எனக்கோ கணிதம் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டது. நிரல் எழுதவும் தெரியாது. அம்மா தனியே அனுப்பப் பயப்படுகிறார். நான் என்ன செய்யட்டும்?

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், மாமா சொன்ன அந்த ஒரு வசனம்தான் மற்ற எல்லாவற்றையும் ஆட்டுவிக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் கிடைத்தால் எந்தப் படிப்பு, எந்த நாடு, எவ்வளவு செலவு என்பவை தாமாகவே ஓரளவு தெளிந்துவிடும். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன். இருபது வருடங்களுக்கு மேலாக நுணுக்குக்காட்டிக் கூடங்களில் வேலை செய்து, மாணவர்கள் எடுத்து வரும் படங்களையும் அவற்றை ஆராயும் நிரல்களையும் தினமும் பார்த்து வந்தவன் என்ற வகையில், மாமாவின் கருத்தை நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதை உங்கள் குடம்பிகளைக் கொண்டே சொல்லலாம்.

நீங்கள் அந்த ஆய்வில் குடம்பியின் எட்டாவது வயிற்றுத் துண்டத்தில் இருக்கும் சீப்புச் செதில்களைப் பார்த்திருப்பீர்கள். டெங்கைப் பரப்பும் இரண்டு நுளம்பு இனங்களுள் ஒன்றான ஏடிஸ் ஈஜிப்தியின் செதிலில் நடு முள்ளுக்கு இரு புறமும் பக்க முட்கள் எடுப்பாகத் தெரியும். மற்றதான ஏடிஸ் அல்போபிக்டஸின் செதிலில் நடு முள் மட்டும் தனியாக நிற்கும். நுண்சீராக்கும் திருகை விரல்நுனியால் ஒரு மயிரிழை திருப்பினால் அந்தப் பக்க முட்கள் மங்கி மறைந்துபோவதையும் கண்டிருப்பீர்கள். அப்படி மங்கிய நிலையில் எடுத்த படத்தில் இரண்டு இனங்களும் ஒன்றுபோலவே இருக்கும். அந்தப் படத்தை உலகின் மிகச் சிறந்த செயற்கை நுண்ணறிவு மாதிரியிடம் கொடுத்தாலும், அது "தெரியவில்லை" என்று சொல்லாமல் ஏதோ ஓர் இனத்தின் பெயரைச் சொல்லி, பக்கத்தில் தொண்ணூறு வீதம் நிச்சயம் என்று ஓர் எண்ணையும் போட்டுவிடக் கூடும். முள் படத்தில் பதிந்ததா என்பதைத் தீர்மானித்தது உங்கள் விரலும் கண்ணும். பதியாத முள்ளை எந்த நிரலாலும் உண்மையாகத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இதற்குப் பின்னால் ஒரு பௌதிகவியல் எல்லை உண்டு. 1873 இல் ஜேர்மனியின் யேனா நகரில் ஏர்ன்ஸ்ட் அபே, ஒளியின் அலைநீளத்தை வில்லை ஒளியை உள்வாங்கும் கோணத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் தூரத்தைவிட நெருக்கமான இரண்டு புள்ளிகளை ஒளி நுணுக்குக்காட்டியால் வேறு வேறாகக் காட்ட முடியாது என்று எழுதினார். நமது ஆய்வுகூடங்களில் இருக்கும் நாற்பது மடங்குப் பொருள்வில்லையில் அந்த எண் வழக்கமாக 0.65, பச்சை ஒளியில் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 0.4 மைக்ரோமீற்றர் வரும். எண்ணெய் விட்டுப் பார்க்கும் நல்ல வில்லையில் அது 1.4 வரை போகும். அப்போது ஏறத்தாழ 0.2 மைக்ரோமீற்றர் அளவுக்கு இறங்கலாம். அதற்கு மேல் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்கல்தான் பெரிதாகும். (அதே 1873 இல்தான், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் அச்சிட்ட அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெகிழ்ச்சி உண்டாகும், இந்த அறிவுகள் நமது மொழிக்கு அவ்வளவு தூரத்தவை அல்ல.)

அந்த எல்லையைச் சுற்றிக்கொண்டு போகும் வழியைக் கண்டவர்களுள் ஒருவர் ஸ்டெஃபான் ஹெல். ஜேர்மனியில் நிலையான இடம் கிடைக்காத காலத்தில் பின்லாந்தின் டூர்க்கு நகருக்குப் போய், ஒரு லேசர் கதிரால் ஒளிரவைத்த புள்ளியின் விளிம்பை இன்னொரு கதிரால் அணைத்துவிடலாம் என்ற எண்ணத்தை 1994 இல் வெளியிட்டார். இருபது வருடம் கழித்து, 2014 இல், எரிக் பெட்சிக், வில்லியம் மேர்னர் ஆகியோரோடு இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மூன்றே வருடத்தில், 2017 இல், மூலக்கூறுகளை உறைய வைத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்க்கும் முறைக்காக டுபோஷே, பிராங்க், ஹென்டர்சன் ஆகிய மூவருக்கு அதே பரிசு கிடைத்தது. மாமா "பழைய சாமான்" என்று சொல்லும் கருவியின் கதை இதுதான். நீங்கள் படிக்க விரும்பும் துறை பழைய கருவியில் கணினியைப் பூட்டும் துறை என்று எண்ண வேண்டாம்; கருவியே புதிதாகிக்கொண்டிருக்கும் காலத்தில் நீங்கள் உள்ளே வருகிறீர்கள்.

மாமாவின் பேச்சில் உண்மையே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். உயிருள்ள கலங்களை, மெல்லிய தாள்போல ஒளியைப் பாய்ச்சும் ஒளித்தாள் முறையில் நாள் முழுதும் படம் பிடித்தால் தரவு ரெராபைற் கணக்கில் குவியும். அதை மனிதக் கண்ணால் பார்த்து முடிக்க ஒரு வாழ்நாள் போதாது. ஒளியை அதிகம் பாய்ச்சினால் கலம் செத்துவிடும்; குறைவாகப் பாய்ச்சினால் படம் பொரிப் பொரியாக இருக்கும். ஜேர்மனியின் திரெஸ்டனைச் சேர்ந்த ஒரு குழு 2018 இல் வெளியிட்ட முறையொன்று, அறுபதில் ஒரு பங்கு ஒளியில் எடுத்த படத்தைக்கூடத் தெளிவாக்கித் தந்தது; அவர்கள் அதைச் சோதித்துப் பார்த்த உயிர்களுள் மாவில் வரும் செவ்வண்டின் முளையமும் ஒன்று என்பது ஒரு விலங்கியல் மாணவிக்குப் பிடிக்கும். இன்று கலங்களின் ஓரங்களைக் கண்டு பிரிக்கும் வேலையில் எங்கும் பேசப்படும் யூ-நெட் என்ற வலையமைப்பை பிரைபேர்க் பல்கலைக்கழகத்தார் 2015 இல் வெளியிட்டபோது, அதைப் பயிற்றிக் காட்டிய தரவுத் தொகுதிகளுள் ஒன்றில் இருந்தவை வெறும் 30 படங்கள். ஒரு பழ ஈக் குடம்பியின் நரம்புத் தொகுதியை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் எடுத்து, யாரோ பொறுமையாக ஒவ்வொரு கலத்தின் ஓரத்தையும் கையால் வரைந்து வைத்த படங்கள். அந்தக் கையும் கண்ணும் உங்களுடையவை போன்றவை.

செயற்கை நுண்ணறிவு எப்படி வழுக்கும் என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நான் முன்பு பணியாற்றிய ஒரு கூடத்தில் ஒரு மாணவர், மருந்து கொடுத்த கலங்களையும் கொடுக்காத கலங்களையும் வேறுபடுத்தும் மாதிரியொன்றைப் பயிற்றினார். அது ஏறக்குறையத் தவறே விடவில்லை. எல்லோரும் மகிழ்ந்தோம். பிறகு ஒரு நாள் ஐயம் வந்து, கலமே இல்லாத மூலைகளை மட்டும் வெட்டி அதனிடம் கொடுத்துப் பார்த்தோம். அப்போதும் அது சரியாகவே பதில் சொன்னது. தேடிப் பார்த்ததில், மருந்து கொடுக்காத தட்டுகள் எல்லாம் காலையில், விளக்கு இன்னும் சூடேறாத வேளையிலும், மருந்து கொடுத்தவை எல்லாம் பிற்பகலிலும் படம் பிடிக்கப்பட்டிருந்தன. மாதிரி கற்றுக்கொண்டது மருந்தின் விளைவை அல்ல, பின்புலத்தின் வெளிச்சத்தை. அந்த மூலையை வெட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது கருவியில் உட்கார்ந்து பழகிய ஒருவருக்குத்தான். நிரல் எழுதுவதில் அவரைவிடத் திறமையானவர்கள் அந்த அறையில் மூவர் இருந்தார்கள். ஆறு மாத வேலையை மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

ஆகவே என் முடிவு இது: படம் எடுப்பதை முதலில் கற்று, அதன்மேல் கணினியை ஏற்றுங்கள். இரண்டையும் சேர்த்துத் தெரிந்தவர்களைத்தான் ஆய்வுகூடங்கள் தேடுகின்றன. ஐரோப்பாவில் உயிரியற் படப் பகுப்பாய்வாளர் என்பது இன்று தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அவர்களுக்கென்று வலையமைப்புகளும் பயிற்சிப் பட்டறைகளும் நடக்கின்றன. வெறும் செயற்கை நுண்ணறிவுப் பட்டத்தோடு வேலைச் சந்தையில் இறங்கினால் கணினி விஞ்ஞானம் நான்கு வருடம் படித்தவர்களோடு நீங்கள் போட்டியிட வேண்டிவரும். குடம்பியின் செதிலைத் தெரிந்தவர் என்ற பலத்தை நீங்களாகவே கீழே வைத்துவிட்டு ஏன் அந்தப் போட்டிக்குப் போக வேண்டும்?

இனிக் கணிதம். உயிரியற் பிரிவில் உயர்தரம் படித்த நம் பிள்ளைகள் பலருக்கும் இருக்கும் பயம் இது. பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் கடக்க முடியாத மதில் என்று எண்ண வேண்டாம். உங்களுக்கு வேண்டியவை தாயம், அதாவது எண்களை நிரை நிரலாக அடுக்கிக் கணக்கிடுவது, வகையிடலின் அடிப்படை, நிகழ்தகவு, இவற்றோடு அலைகளைப் பிரித்துக் கூட்டும் பூரியே முறையின் உட்கருத்து ஆகியவைதாம். வீட்டில் அல்லது அயலில் இணைந்த கணிதம் படித்த ஒருவர் நிச்சயம் இருப்பார். அவருடைய பழைய கொப்பிகளை வாங்கி வாரத்தில் நான்கு மாலைகள் அதற்கு ஒதுக்கினால் ஆறு மாதத்தில் போதிய அளவு வந்துவிடும்.

ஒன்றை மட்டும் இன்றிரவே செய்து பாருங்கள். ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியில் பத்துக்குப் பத்துக் கட்டம் அடைத்து, இடப் பாதியில் எல்லாக் கட்டத்திலும் 10 என்றும் வலப் பாதியில் 90 என்றும் எழுதுங்கள். அது ஒரு கறுப்பு–வெள்ளைப் படம் என்று கொள்ளுங்கள். இன்னொரு கடதாசித் துண்டில் மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு, மேலிருந்து கீழாக, இடப்பக்கத்து மூன்று கட்டங்களிலும் –1, நடு மூன்றிலும் 0, வலப்பக்கத்து மூன்றிலும் 1 என்று எழுதுங்கள். அந்தத் துண்டைப் படத்தின்மேல் வைத்து, நேருக்கு நேர் வரும் ஒன்பது எண்களையும் பெருக்கிக் கூட்டி, வந்த விடையை வேறொரு தாளில் அதே இடத்தில் எழுதிவிட்டு, துண்டை ஒரு கட்டம் நகர்த்துங்கள். முழுதும் செய்து முடித்தால், ஒரே எண் நிறைந்த இடங்களில் எல்லாம் பூச்சியமும், 10 உம் 90 உம் சந்திக்கும் கோட்டின் இரு பக்கத்திலும் 240 உம் வந்திருக்கும். அந்தத் துண்டு ஓரத்தைக் கண்டுபிடித்துவிட்டது. யூ-நெட் போன்றவற்றின் அடியில் இருப்பது இந்தச் செயல்தான். ஒன்பது எண்களும் என்னவாக இருக்க வேண்டும் என்பதை மனிதர் எழுதிக் கொடுக்காமல், கையால் வரைந்த படங்களைப் பார்த்து அது தானே சரிப்படுத்திக்கொள்கிறது என்பதுதான் வேறுபாடு. இதைக் கையால் செய்தவருக்குப் பின்னர் வரும் சூத்திரம் எதுவும் அந்நியமாகத் தோன்றாது.

நிரல் எழுத பைதன் மொழி போதும். படங்களுக்கு பீஜி என்ற இலவச மென்பொருளில் தொடங்குங்கள். அது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தில் உருவான இமேஜ்ஜே என்பதன் விரிவு. கலங்களைப் பிரித்தறிய செல்போஸ் என்பது இலவசமாகக் கிடைக்கிறது. 70,000 இற்கு மேற்பட்ட கலங்களையும் அவைபோன்ற பொருள்களையும் கையால் ஓரமிட்டுப் பயிற்றப்பட்டது. வீட்டில் வலுவான கணினி இல்லையே என்று கவலைப்படாதீர்கள். டூர்க்குவிலும் போர்த்துக்கல்லிலும் இலண்டனிலும் உள்ள ஆய்வாளர்கள் சேர்ந்து 2021 இல் வெளியிட்ட ஒரு தொகுதி, கூகிளின் இலவசக் கணினி வளத்திலேயே, உலாவியில் பொத்தான்களை அழுத்தி இத்தகைய மாதிரிகளைப் பயிற்றிப் பார்க்க உதவுகிறது. பயிற்சிக்குப் படங்கள் வேண்டுமானால், பொஸ்டன் பகுதியில் உள்ள புரோட் நிறுவகம் திறந்து வைத்திருக்கும் தொகுப்பில் மலேரியா தொற்றிய குருதிப் பூச்சுப் படங்கள் உள்ளன. 2016 இல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்த இலங்கையில், அத்தகைய பூச்சைப் பார்த்துப் பழகிய கண்கள் குறைந்துகொண்டே போகும். அந்தப் படங்களைப் பார்த்துப் பழகுவது உங்கள் இப்போதைய வேலைக்கும் நல்லது.

இவற்றைவிடப் பெரிய மூலதனம் உங்கள் சொந்தக் குடம்பிகள். உங்கள் பழைய திணைக்களத்தில் அனுமதி கேட்டு, பாதுகாத்து வைத்த குடம்பிகளை மறுபடி படம் பிடியுங்கள். ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பிரித்துக் கோடிட்ட கண்ணாடி வழுக்கியை முதலில் வைத்துப் படமெடுத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நுண்சீராக்கும் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு செதிலையும் மூன்று நான்கு குவியத் தளங்களில் எடுங்கள். எந்த வில்லை, எவ்வளவு வெளிச்சம், எந்த நாள் என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். இரண்டு இனங்களையும் ஒரே நாளில் கலந்து எடுங்கள், ஏன் என்பது மேலே சொன்ன கதையிலிருந்து உங்களுக்கு விளங்கும். பிறகு அந்தப் படங்களைக் கொண்டு ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பயிற்றி, எந்தக் குவியத் தளத்துக்கு மேல் அது தவறுகிறது என்பதை அளந்து இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். ஐரோப்பாவில் இருக்கும் ஒரு பேராசிரியருக்கு, பத்துச் சான்றிதழ்களைவிட இந்த இரண்டு பக்கங்கள் அதிகம் சொல்லும். நான் விண்ணப்பங்களை வாசித்த காலத்தில், மாணவர் எங்கே தவறினார், அதை எப்படிக் கண்டார் என்று எழுதியிருந்த விண்ணப்பத்தைத்தான் தனியே எடுத்து வைப்பேன்.

இப்போது அந்த ஓராண்டுப் படிப்புக்கு வருவோம். அதை நான் நல்லதென்றோ கெட்டதென்றோ தூரத்திலிருந்து சொல்ல மாட்டேன். அளப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். முகவரை இடையில் வைக்காமல் பாடநெறிப் பொறுப்பாளருக்கு நேரே மின்னஞ்சல் எழுதி, ஒரு மாணவர் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தனியே கருவியை இயக்கும் நேரம் வருடத்தில் எத்தனை மணி என்று கேளுங்கள். அபேயின் எல்லையைத் தாண்டிப் பார்க்கும் அதி-பிரிவலு நுணுக்குக்காட்டி இருக்கிறது என்பது ஒரு விடயம். நாற்பது பேர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது இன்னொரு விடயம். இறுதி ஆய்வுக்கான படங்களை மாணவர் தாமே எடுக்கிறாரா, அல்லது யாரோ எடுத்த தரவைக் கொடுத்து நிரல் மட்டும் எழுதச் சொல்கிறார்களா என்றும் கேளுங்கள். சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே என்பதையும் கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் அது மதிக்கத்தக்க படிப்பு. பதிலே வராவிட்டால் அதுவும் உங்களுக்கு ஒரு பதில்.

ஆனால் படிப்பு நல்லதாகவே இருந்தாலும், அப்பா காணியை ஈடு வைத்து அனுப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். பிரித்தானியாவில் ஆய்வுகூட விஞ்ஞான முதுமாணிக்கு வெளிநாட்டு மாணவர் கட்டும் தொகை பெரும்பாலும் 25,000 பவுண்டுக்கு மேல். இன்றைய மாற்று வீதத்தில் அது ஒரு கோடி ரூபாவைத் தொடும், அதற்கு மேல் ஒரு வருட வாழ்க்கைச் செலவு இருக்கிறது. ஓராண்டுப் படிப்பில் சொந்த ஆய்வு வழக்கமாகக் கடைசி மூன்று நான்கு மாதங்களுக்குள் அடங்கிவிடும். ஆய்வு தொடங்கும்போதே வேலை தேடும் அவதியும் தொடங்கிவிடும். படிப்பு முடிந்து இரண்டு வருடம் நிற்கலாம் என்று முகவர் சொல்லியிருப்பார்; 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் முதுமாணிப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதமாகக் குறையும் என்று பிரித்தானிய அரசு அறிவித்திருக்கிறது. வட்டி கூடிக்கொண்டிருக்கும் கடனைத் தலையில் வைத்துக்கொண்டு கருவியின் முன் பொறுமையாக உட்கார முடியாது. கிடைத்த முதல் வேலைக்கு ஓடத்தான் மனம் சொல்லும். மாத இறுதிக்குள் கட்டு என்ற அவசரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். பல முகவர்களுக்குப் பல்கலைக்கழகத்திடமிருந்து தரகுப் பணம் கிடைக்கிறது. உண்மையான இறுதித் திகதி எது, விசா மறுக்கப்பட்டால் வைப்புப் பணத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்பதைப் பல்கலைக்கழகத்தின் அனுமதி அலுவலகமே எழுத்தில் சொல்லட்டும்.

பிரித்தானியாவில்தான் படிக்க ஆசை என்றால் புலமைப்பரிசில் வழியாகப் போங்கள். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள்; உங்கள் இரண்டு வருட ஆய்வுகூட வேலை அதை நிறைவு செய்யும். படித்து முடிந்ததும் இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் உண்டு.

நான் உங்களுக்கு முதலில் காட்ட விரும்பும் இடம் டூர்க்கு. ஹெல் தம் எண்ணத்தை எழுதிய அதே நகரில், உயிர்மருத்துவப் படமாக்கலில் இரண்டு ஆண்டு முதுமாணிப் படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. உயிர் விஞ்ஞானப் பின்னணி உள்ளவர்களையும் எடுக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருவோருக்கு 2017 முதல் பின்லாந்தில் கட்டணம் உண்டு. ஆனால் கட்டணத்தைக் குறைக்கும் புலமைப்பரிசில்களும் உண்டு, அவற்றுக்குப் படிப்புக்கான விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்க வேண்டும். ஜேர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கற்பித்தற் கட்டணம் இல்லை. பிரைபேர்க், ஹைடில்பேர்க் ஆகியவை இருக்கும் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ. அங்கே விசாவுக்கு வருடத்துக்கு 11,904 யூரோவை முடக்கிய கணக்கில் காட்டச் சொல்வார்கள்; அது கட்டணம் அன்று, மாதம் 992 யூரோவாக உங்கள் செலவுக்கே திரும்பி வரும் பணம். யேனாவின் ஒளியியல் முதுமாணியைப் பற்றி யாராவது சொன்னால், அது பெரும்பாலும் பௌதிகவியல் படித்தவர்களுக்கு உரியது என்பதை நினைவில் வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுமாணிகளில் மருத்துவப் படமாக்கலும் கணினிப் பார்வையும் உண்டு. தெரிவானால் கட்டணமும் போய், மாதம் 1,400 யூரோ இரண்டு வருடத்துக்குக் கிடைக்கும். அவற்றில் பொறியியலும் கணினியும் படித்தவர்களுக்கே வாய்ப்பு அதிகம் என்பதால், ஆறு மாதக் கணிதத்தை முடித்துக்கொண்டு அங்கே போடுங்கள்.

பலரும் கவனிக்காத இன்னொரு கதவு இருக்கிறது. உங்களிடம் இருப்பது நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஜப்பானின் ஒகினாவா விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவகமும் அத்தகைய பட்டத்தோடு நேரடியாகவே கலாநிதிப் படிப்புக்கு எடுக்கின்றன. கட்டணம் கேட்காமல் உதவித்தொகையும் தருகின்றன. நீங்கள் பணம் கட்டிப் படிப்பதற்குப் பதிலாக, பணம் பெற்று ஆய்வு செய்வீர்கள். முதுமாணி முடித்த பிறகு என்றால், ஐரோப்பாவின் மேரி கியூரி கலாநிதி வலையமைப்புகள் சம்பளத்தோடு வேலைக்கே அமர்த்துகின்றன; ஆட்சேர்ப்புக்கு முந்திய 36 மாதத்தில் அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்பது அவற்றின் விதி. ஏற்கெனவே ஒரு நாட்டில் போய் இருப்பவரை விலக்கும் அந்த விதி, யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் உங்களைத் தடுக்காது.

அம்மாவின் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. அதற்கு வார்த்தையால் ஆறுதல் சொல்வதைவிட, தங்குமிடம் உறுதியான கடிதமும், மாதச் செலவு எழுதிய ஒரு தாளும், அங்கே படிக்கும் நம் பிள்ளை ஒருவரோடு ஒரு காணொளி உரையாடலும் அதிகம் உதவும் என்பது என் அனுபவம். இரண்டு மூன்று நாடுகளின் பெயரைச் சேர்த்துச் சொல்லிக் குழப்பாமல், தெரிவு கிடைத்த ஒன்றைப் பற்றி மட்டும் அவரோடு பேசுங்கள்.

பரீட்சைக் கிளையில் பெறுபேற்று அறிக்கைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அது வர நாளெடுக்கும். சான்றிதழை அத்தாட்சிப்படுத்தக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் அலுவலகம் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. சிபாரிசுக் கடிதம் கேட்கும்போது, உங்கள் ஆய்வை நேரில் மேற்பார்த்த விரிவுரையாளரிடமே கேளுங்கள். குடம்பியின் எட்டாவது துண்டத்தை நீங்கள் எப்படிப் பிரித்து வைத்தீர்கள் என்று அவரால் எழுத முடியும், பெரிய பதவியில் இருக்கும் வேறொருவரால் முடியாது.

செதில்களைப் படம் பிடித்ததும், ஒரே செதிலின் மூன்று குவியத் தளங்களை எனக்கு அனுப்புங்கள். எந்தத் தளத்திலிருந்து பயிற்சியைத் தொடங்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம். தயவுசெய்து வற்சப்பில் சாதாரண படமாக அனுப்ப வேண்டாம். அது சுருக்கிவிடும், பக்க முட்கள் போய்விடும். மூலக் கோப்பையே மின்னஞ்சலில் இணைத்து அனுப்புங்கள்.